வசந்தாமணி அக்கா ஓட்டும்போது மட்டும்

ஜூலை 3, திங்கள்

தீவனக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மேசை ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். காரணம், பயிற்சிக் காரின் மஞ்சள் விளக்கு.

இஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும், வண்டி கிளம்பினால் அணைய வேண்டும், ஓடும்போது எரிந்தால் எங்கோ கோளாறு. போன வாரம் மூன்று நாள் ஓடும்போது எரிந்தது. இன்று காலை ஏழேகால் மணிக்கு உடுமலை ரோட்டில் மறுபடியும். நான்கைந்து வகுப்பு முடிந்து மதியம் பார்த்தால் தானாகவே அணைந்திருக்கிறது. வண்டி இழுவையில் குறை இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை.

காரணம் தெரியாமல் ஒன்று நடந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் தமயந்தி டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது இந்த ஒரே வண்டி. இனி விளக்கு எரியும் நாள், நேரம், ஓட்டியவர் பெயர் மூன்றையும் இதில் எழுதப் போகிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

7.20. வசந்தாமணி அக்கா.

ஜூலை 5, புதன்

7.10. வசந்தாமணி அக்கா.

போன வாரத்து நாட்களையும் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தேன். அவையும் அவர் வந்த நாட்கள்தான். பேங்க் கிளார்க் ஓட்டினால் எரிவதில்லை. கல்லூரிப் பெண் ஹர்ஷினி, போன வாரம் பேரூராட்சிக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தவள், அவள் ஓட்டினாலும் எரிவதில்லை. நான் ஓட்டினாலும் இல்லை.

வசந்தாமணி அக்காவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். வயது நாற்பத்து நான்கு, என்னைவிட எட்டு வயது மூத்தவர். பட்டுப்புழு வளர்க்கிறார். போன வருடம் கணவரும் அவரும் லோடு வண்டியில் பட்டுக்கூடு ஏற்றிப்போகும்போது வாய்க்கால் பாலத்தில் டயர் வெடித்தது. ஓட்டிய கணவர் அங்கேயே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த வண்டியைச் சரிசெய்து வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது கொழுந்தனார் அதை ஓட்ட மனது வைத்தால்தான் கூடு சந்தைக்குப் போகும். போன முறை அவர் நான்கு நாள் தள்ளிப்போட்டதில் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு பூச்சி பறந்துவிட்டது. ஓட்டை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. முழு வளர்ப்பும் வீண். அதனால்தான் லைசென்ஸ் எடுக்க வந்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி டெஸ்ட்.

இன்று வண்டியை ஓரம்கட்டி இறங்கும்போது கேட்டார்.

“டீச்சர், இந்த லைட்டு நான் ஏறுனாத்தான் எரியுதுங்களா?”

“சேச்சே, எல்லாருக்கும் எரியுதுங்க்கா” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, வியாழன்

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். ராசி கீசியெல்லாம் என்னிடம் செல்லாது. ஓர் ஆள் ஏறினால் மட்டும் விளக்கு எரிகிறது என்றால் அந்த ஆளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். கண்டுபிடித்துவிடலாம்.

அவர் குள்ளம். சீட்டை முழுதாக முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை வைப்பார். சீட்டுக்கு அடியில் ஒயர் ஏதும் நசுங்குகிறதோ? ஹர்ஷினியை அதே இடத்துக்குச் சீட்டைத் தள்ளி, அதே தலையணையோடு ஓட்ட வைத்தேன். “ஸ்டியரிங் தொப்பையில இடிக்குது மேம்” என்று அழாத குறை. விளக்கு எரியவில்லை.

ஒருவேளை காலைக் குளிரோ? அவர் வகுப்புதான் முதல் வகுப்பு. பேங்க் கிளார்க்கைக் கெஞ்சிக் காலை ஏழு மணிக்கு வரவைத்தேன். அதே ரோடு, அதே நேரம். எரியவில்லை. வசந்தாமணி அக்கா எட்டரைக்கு வந்தார். எட்டு ஐம்பதுக்கு எரிந்தது.

வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் பண்ணியாயிற்று.

ஜூலை 7, வெள்ளி

ஆட்டோ எலக்ட்ரீசியன் ஜான்பாட்ஷா அண்ணன் கடைக்குப் போனேன். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவியை யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். வெறும் கண்ணாலேயே பார்த்தார். பேட்டரி எர்த்தைக் கழற்றித் தேய்த்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினார். ஓர் ஒயரின் மேல்தோல் கொறிபட்டிருந்தது.

“எலிதான் தங்கச்சி. சந்தேகமே வேண்டாம்” என்று டேப் சுற்றி, பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்.

“எலி கடிச்ச ஒயரு ஆள் பாத்தாண்ணா வேலை செய்யும்?”

“ஏம்மா, ஆள் பாத்தா எரியுது?”

விவரம் சொன்னேன். சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தபடி, “அப்ப எலி இல்ல” என்றார். புகையிலையை மட்டும் அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் முன்பக்கம் தொங்கும் எலுமிச்சை மிளகாயை மாற்றினேன். திங்கள்கிழமையும் மாற்றினேன்தான். வெயிலுக்குச் சீக்கிரம் வாடிவிடுகிறது.

ஜூலை 10, திங்கள்

புகையிலை நெடியில் இருவரும் மாறி மாறித் தும்மினோம். 7.25க்கு எரிந்தது.

வசந்தாமணி அக்கா மெதுவாக வண்டியை ஓரம்கட்டினார். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் நின்னுக்கறனுங் டீச்சர்.”

“எதுக்குங்க்கா?”

“நேத்து அந்த பேங்க் தம்பிய மாவு மில்லுல பாத்தனுங். ஒரு நாளும் எரிஞ்சதில்லைங்கறாரு. நீங்க எனக்காவச் சொல்லியிருக்கறீங்க, அது தெரியுதுங். என்ற மாமியா சொன்னப்ப நான் நம்புலீங். கொழுந்தனாரு சொன்னப்பக்கூட ரோசந்தான் வந்துச்சு. அன்னைக்கு நான் ஏறாட்டி டயரு வெடிச்சிருக்காதாம். இப்ப ஒயரும் பல்புமே சொல்லுதுங்களே. அதுகளுக்கு என்ற மேல என்ன பகை?”

கொழுந்தனார் அந்த லோடு வண்டியைத் தன் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லி ஃபாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். அக்கா கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறாராம். போட்டுவிட்டால் இனி ஒவ்வொரு கூட்டுக்கும் அவர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. “இந்த வாரம் முடியறதுக்குள்ள காரணத்தக் கண்டுபுடிச்சுக் காட்டறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடக் கூடாது” என்றேன். “ராசிங்கறதெல்லாம் சுத்தப் பொய்யிங்க்கா” என்றும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஜூலை 12, புதன்

கண்டுபிடித்தாயிற்று! ஏறக்குறைய.

ஸ்கேனர் திரும்பி வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும் ஒரே ஒரு கோளாறைக் காட்டியது. பிரேக் ஸ்விட்ச்.

ஜான்பாட்ஷா அண்ணன் டீ வரவழைத்து நிதானமாக விளக்கினார். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் இரண்டு தொடர்பு. ஒன்று பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். இன்னொன்று ‘பிரேக் பிடிக்கிறார்கள்’ என்று இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டும் ஒரே சமயத்தில் மாற வேண்டும். நம் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. பெடல் ஒரு காசு கனம் இறங்கியதும் ஒன்று மாறுகிறது, மற்றது மாற இன்னொரு காசு கனம் இறங்க வேண்டியிருக்கிறது. ஒன்று பிரேக் என்கிறது, மற்றது இல்லை என்கிறது. இந்தச் சண்டை கொஞ்ச நேரம் நீடித்தால் கம்ப்யூட்டர் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடுகிறது.

“சும்மா பிரேக் புடிச்சா ஒண்ணும் ஆவாது. கால் அந்த எடத்தச் சட்டுனு தாண்டிப் போயிரும். அங்கயே நிக்கோணும். யாரோ பெடல் மேல லேசாக் கால வெச்சுட்டே வர்றாங்க தங்கச்சி.”

எனக்குக் கடை வாசலிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. பழக்கம்! வசந்தாமணி அக்கா பயத்தில் பிரேக்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறார். இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

புது ஸ்விட்ச் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். அதுவரை பார்ப்பதற்கு ஒரு சின்ன பச்சை பல்பை ஸ்விட்சோடு கோத்து டாஷ்போர்டில் ஒட்டிக்கொடுத்தார். பெடல் துளி அசைந்தாலும் அது எரியும்.

ஜூலை 13, வியாழன்

வகுப்பு நடந்தது. பச்சை பல்பு எரிந்தது. ஸ்விட்ச் தேய்மானம்தான் காரணம் என்பது உறுதி.

இட்லிக்கு மாவு அரைத்தேன். சிலிண்டர் வந்தது.

ஜூலை 14, வெள்ளி

வசந்தாமணி அக்கா வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஸ்விட்ச் வந்துவிட்டது என்று ஜான்பாட்ஷா அண்ணன் கூப்பிட்டார். போய் வாங்கிவந்தேன். மாட்டவில்லை.

ஜூலை 15, சனி

இன்றும் வரவில்லை.

நேற்று முன்தினம் நடந்ததை எழுதாமல் விட்டேன். இந்த டைரியை எடுத்ததே உண்மையை எழுதத்தான். ஆகவே எழுதுகிறேன்.

வியாழன் காலை, பிரேக் பழக்கத்தை வசந்தாமணி அக்காவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். “உங்க காலுதாங்க்கா திருடன்” என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்பிடீங்களா? அப்ப காலக் கட்டிப் போட்றலாமுங்” என்று அவரும் சிரித்தார்.

உடுமலை ரோட்டில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். பச்சை பல்பு எரிய ஆரம்பித்தது. அணையாமல் எரிந்தது. “பாத்தீங்களா, பிரேக்குல கால் இருக்குது. எடுங்க” என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“டீச்சர், என்ற வலது கால் ஆக்சிலேட்டர்ல இருக்குதுங். இடது கால் கீழ தரையில இருக்குதுங்.”

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிரேக் பெடலைச் சுற்றி யார் காலும் இல்லை. ஆனாலும் அது லேசாக இறங்கியிருந்தது.

பயிற்சி வண்டியில் பிரேக் இரண்டு உண்டு. சொல்லிக்கொடுப்பவர் பக்கம் உள்ள பெடல் ஒரு கம்பியால் ஓட்டுபவர் பெடலோடு கோக்கப்பட்டிருக்கும். இதை அழுத்தினால் அதுவும் இறங்கும். இருபது வகுப்புக்கு ஒரு தடவை தேவைப்படும். மற்ற நேரம் என் கால் பின்னால் சீட்டை ஒட்டித்தான் இருக்கும். ஹர்ஷினி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தபோதும் அங்கேதான் இருந்தது, அதனால்தான் தொட்டி கவிழ்ந்தது.

என் பக்கம் பார்த்தேன். என் செருப்புக் கால் பெடல்மேல் இருந்தது. நான் வைத்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் இருந்தது, பாதம் முழுவதும். காலை எடுத்தேன். பச்சை பல்பு அணைந்தது.

வசந்தாமணி அக்கா அதைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “வர்றனுங்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்களைவிட அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார். முதல் நாளிலிருந்தே நிதானம். பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஒன்றைத் தவிர. அதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்: அவரோடு உட்கார்ந்து போன ஆள் செத்துப்போனார் என்பது எனக்குத் தெரியும். பிசிக்ஸ் படித்த வாய் ஒருபக்கம் பேசிக்கொண்டிருந்தது. கால் தன்பாட்டுக்கு வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு எலுமிச்சையை வெயிலுக்காகவா மாற்றினேன்?

வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. தெருவில் பிள்ளைகள் ஆடிப்பிறப்புக்குத் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வசந்தாமணி அக்கா தோட்டத்துக்குப் போனேன்.

புழுக் கொட்டகையில் மல்பெரித் தழை போட்டுக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் புழுக்கள் ஒன்றாகத் தின்னும் சத்தம் சாரல் மழைபோல் கேட்டது. இவை இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டிவிடுமாம். மேசையில் கொழுந்தனாரின் ஃபாரம் இருந்தது. கையெழுத்து இடம் காலி.

வரும் வழியெல்லாம் தயாரித்துவைத்த பேச்சு மறந்துவிட்டது. “தப்பு என்மேலதாங்க்கா. மன்னிச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னேன்.

தழை போடுவதை நிறுத்தாமல் பேசினார்.

“ஊரே வாயில சொல்லுச்சுங் டீச்சர். அத ஒரு காதுல வாங்கி விட்டாச்சு. நீங்க கால்ல சொல்லீட்டீங்க. அதத்தான் எங்க கொண்டுபோயி விடறதுன்னு தெரியில.”

நானும் ஒரு கட்டுத் தழையை எடுத்துப் போட ஆரம்பித்தேன். “கை ஈரம் படக்கூடாதுங், தொடச்சுட்டுப் போடுங்” என்றார். துடைத்துக்கொண்டு போட்டேன். ஒரு வரிசை முடிந்தது.

“புது ஸ்விட்ச் வந்துருச்சுங்க்கா. பையில இருக்குது. இன்னைக்கே மாட்டீட்டா இனி விளக்கு எரியாது. நாளைக்கு வந்துருங்க.”

“வேண்டாமுங்.”

“வகுப்பா?”

“ஸ்விட்ச்சு. அத மாத்தாதீங்க.” கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “புதுசு மாட்டீட்டா நீங்க கால வெச்சாலும் எரியாது, வெக்காட்டியும் எரியாது. அப்பறம் எனக்கு எப்பிடித் தெரியும்? பழைய ஸ்விட்ச்சோடயே ஒருக்கா ஓட்டிப் பாக்கறேன். நீங்க கால அதுமேல வெக்காம வாங்க. அப்பவும் எரிஞ்சா நானே கையெழுத்துப் போட்டர்றனுங்.”

இத்தனை சோதனை செய்தேன், தலையணை, நேரம், ரோடு என்று. இந்த ஒரு சோதனை எனக்குத் தோன்றவே இல்லை.

“எந்த ரோடுங்க்கா?”

“வாய்க்கால் பாலம்” என்றார்.

ஜூலை 18, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வந்தார். உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பி மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. அணைத்து மறுபடி திருப்பினார். எரிந்தது. “பீஸ் போன பல்ப வெச்சு என்னைய ஏமாத்தறீங்களான்னு பாத்தனுங்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கிளம்புவதற்கு முன் என் கால்களைப் பார்த்தார். பின்னால் இழுத்துச் சீட்டை ஒட்டி வைத்திருந்தேன்.

“மேல வெச்சுக்குங்” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அதற்கு மேல் சீட் பெல்ட். ஒன்பது வருடமாக வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன், இப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஊரைத் தாண்டினோம். பச்சை பல்பு அவர் பிரேக் பிடிக்கும்போது எரிந்தது, விட்டதும் அணைந்தது. மஞ்சள் விளக்கு இருட்டாகவே இருந்தது. ஏழேகால் ஆனது. ஏழு இருபது. வழக்கமாக எரியும் நேரம். நான் வெளியே பார்ப்பதுபோல் நடித்தேன். உண்மையில் இருவரும் அந்த விளக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாலத்தின் ஏற்றம் வந்தது. குறுகலான பாலம், ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் மட்டும் புது சிமென்ட்டாக இருந்தது. அவர் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினார். உச்சிக்கு ஏறியதும் எதிரில் ஒரு டவுன் பஸ், பாலத்தின் பாதியை அடைத்துக்கொண்டு.

நான் பயந்தேன். நன்றாகவே பயந்தேன். என் வலது கால் தானாகக் கீழே போகப் பார்த்தது, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் “பிரேக்” என்று கத்திவிடுவேன், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பச்சை பல்பு எரிந்தது. வண்டி நின்றது. அவர் கண்ணாடி பார்த்து, ரிவர்ஸ் போட்டு, இரண்டு வண்டி நீளம் பின்னால் வந்து ஓரம்கட்டி வழிவிட்டார். பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். ஏற்றத்தில் மறுபடி வண்டியைக் கிளப்பும்போது ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. ஹர்ஷினிக்கு அது இன்னும் வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிறுத்தினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஏழு ஐம்பது.

ஸ்டியரிங்கை விடாமல் வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டயருதானுங் வெடிச்சுது” என்றார். என்னிடம் சொல்லவில்லை. சாலையைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமாங்க்கா” என்றேன்.

இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம் என்று கதவைத் திறந்தேன். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. தரையில் ஊன்ற முடியவில்லை. வசந்தாமணி அக்கா அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தார். என் செருப்பை எடுத்துக் கீழே போட்டு, கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

“திரும்பிப் போறப்ப நல்லாக் கால நீட்டி உக்காருங் டீச்சர். நான் பாத்து ஓட்டறனுங்” என்றார்.